ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்தா பத்தாதா டாக்டரம்மா?"

அவர் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்னது அதைவிடச் சின்னது. "சரி" என்றேன்.

2023 ஏப்ரலில் ஒரு ஓ.பி. நாள் அது. அந்தச் "சரி"யைச் சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்பதை இன்றுவரை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒழுங்காக யோசித்துத்தான் சொன்னேன் என்று சில நாள் உறுதியாகத் தோன்றும். அவருக்குப் பின்னால் கதவுவரை நின்ற கூட்டம்தான் என் வாயிலிருந்து அதை வரவழைத்தது என்று வேறு சில நாள் தோன்றும். இரண்டில் எது உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். எனக்கே தெரியவில்லை.

ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயும் மாத்திரையும் நடந்தபடியே இருக்கின்றன.

அவருக்கு 43 வயது. வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் கூலி வேலை. ஆறாம் வகுப்பு படிக்கும்போது முட்டி வீங்கி ஒரு மாதம் படுத்துக் கிடந்ததாகச் சொல்வார். அதற்கு முன்னால் வந்திருக்கக்கூடிய தொண்டை வலி அவருக்கு நினைவில்லை. பெரும்பாலும் யாருக்கும் இருப்பதில்லை. தொண்டையில் புகுந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அடிக்க உடம்பு தயார் செய்யும் எதிர்ப்பு, ஆள் மாறி இதய வால்வையும் தாக்கிவிடும். மூட்டு வீக்கம் வடிந்துவிடும், வால்வில் விழுந்த தழும்பு வடியாது. அவருக்கு இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கிப்போயிருந்தது. ரெண்டாவது பிரசவத்தில் மூச்சு வாங்கியபோதுதான் கண்டுபிடித்தார்கள். பலூன் வைத்து விரித்தார்கள். பல வருடம் நன்றாக இருந்தார். பிறகு வால்வு மெல்ல மறுபடி சுருங்கியது. ரத்தம் இறங்க வழியில்லாமல் இடது மேலறை ஊதிப் பெருத்தது. பெருத்த அறைக்குத் தாளம் தப்பியது.

"நெஞ்சுக்குள்ள கோழி ரெக்கை அடிக்கிற மாதிரி இருக்கும்மா." முதல் நாள் அவர் சொன்னது இது.

நாடியில் விரல் வைத்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு துடித்து ஒன்று விடும் நாடிகள் உண்டு. கொஞ்சம் பொறுத்தால் அதன் கணக்கு பிடிபட்டுவிடும். இவருடையதில் கணக்கே கிடையாது. ஒன்று ஓங்கி அடிக்கும், அடுத்தது உடனே வரும், அதற்கடுத்தது வருமோ வராதோ என்று விரல் காத்திருக்கும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணினால் 118, அதே நிமிடத்தில் மணிக்கட்டில் 92. மீதி 26 துடிப்பும் இதயம் அடித்ததுதான், கைவரை வந்து சேரும் அளவுக்கு ரத்தத்தைத் தள்ளாத துடிப்புகள். ஈ.சி.ஜி.யில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வரவேண்டிய பி அலையைக் காணவில்லை. அந்த இடத்தில் கோடு சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் அதிரும், ஆனால் சுருங்கி விரியாது. பாடத்தில் படிக்கிற எல்லாமே அந்த ஒரு மணிக்கட்டில் இருந்ததால் ஹவுஸ் சர்ஜன்களை அவரிடம் கூட்டிப்போவேன். அவரே கையை நீட்டி, "பாத்துக்க தம்பி, படிச்சுக்க" என்பார். பையன்கள் எண்ண ஆரம்பித்துக் குழம்பி நிற்கும்போது சிரிப்பார்.

படபடப்பை மெட்டோப்ரோலாலும் டிகாக்சினும் அடக்கிவிட்டன. ஆபத்து அங்கே இல்லை. சுருங்கி விரியாத அறையில் ரத்தம் தேங்கும்; தேங்கினால் உறையும்; உறைந்த துண்டு கிளம்பினால் பெரும்பாலும் மூளைக்குத்தான் போகும். அமெரிக்காவின் ஃப்ரமிங்ஹாம் ஊரில் நடந்த நீண்டகால ஆய்வு 1978-லேயே கணக்குச் சொல்லிவிட்டது: வால்வு நோயில்லாமல் இந்தத் தாளக் கோளாறு வந்தால் பக்கவாத அபாயம் 5 மடங்குக்கு மேல்; இவருக்கு வந்ததைப் போலத் தொண்டைக் கிருமியின் வழியாக வரும் ருமாட்டிக் வால்வு நோயோடு சேர்ந்து வந்தால் 17 மடங்குக்கு மேல். அதனால் ரத்தத்தை இளக்கும் மாத்திரை. எங்களிடம் அது அசிட்ரோம். எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கவேண்டும். கீழே போனால் உறையும், மேலே போனால் கசியும். அதற்காகத்தான் மாதாமாதம் வரச் சொல்வது.

மாதாமாதம் வருவதென்றால் அவருக்கு என்ன என்று அன்றுதான் சொன்னார். அதற்குமுன் நான் கேட்டதில்லை.

விடியுமுன் கிளம்பவேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, ஆனால் அது பாதி தூரம்தான். மீதிக்கு வெளியூர் பஸ், டிக்கெட் எடுக்கவேண்டும். ரத்தம் கொடுத்தால் முடிவு வர மதியம் ஆகும். அதைக் காட்டி, மாத்திரை வாங்கி, வீடு சேர இருட்டிவிடும். ஒரு நாள் கூலி போச்சு. சித்திரை, வைகாசி வெயிலில்தான் உப்பு விளையும், அப்போது ஒரு நாள் லீவு போட்டால் பாத்தியில் வேறு ஆளை விட்டுவிடுவார்கள்.

"மழை வரட்டும்மா. ஐப்பசில அளத்துல வேல இருக்காது. அப்பறம் மாசாமாசம் நீங்க சொல்ற தேதிக்கு வந்து ஒக்காந்துக்கறேன்."

அவர் நோட்டைப் பார்த்தேன். 2.4, 2.6, 2.3. மூன்று மாதமாகக் கோடு போட்டாற்போல் நின்றிருந்தது. என் ஓ.பி.யில் அப்படி நிற்பவர்கள் கொஞ்சம்தான். குறைந்தது மூன்று மாதம் அளவு மாறாமல் நிலையாக இருப்பவர்களுக்கு 12 வாரம்வரை இடைவெளி விடலாம் என்று 2012-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலே சொல்கிறது. நான் கொடுத்தது 8 வாரம். இது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்ததா, பிறகு என்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தேடி எடுத்ததா? வந்தது என்றுதான் நினைக்கிறேன். வந்திருக்கவேண்டும்.

"சரி" என்றேன். சீட்டில் 60 நாளுக்கு எழுதினேன். கீரை, மாத்திரை, காயம், பல் பிடுங்குவது என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஜூன் கடைசியில் ஒரு காலை 108-இல் கொண்டுவந்தார்கள். முந்தின இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவர், விடியலில் எழுந்தபோது வலது கை தூக்க வரவில்லை. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. பேச்சு இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரக் கெடு. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் அதை எண்ணவேண்டும். இரவு 9-லிருந்து எண்ணினால் எப்போதோ முடிந்துவிட்டது. ஐ.என்.ஆர். 1.1. மாத்திரையே சாப்பிடாதவருக்கு இருக்கும் எண்.

மாத்திரை சாப்பிட்டாரா என்று கணவரிடம் கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"சாப்புட்டுச்சும்மா. நாள் தவறல. பாதி பாதியா."

மருந்து ஜன்னலில் 30 நாளுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் அங்கே வழக்கம், சீட்டில் நான் எத்தனை எழுதினாலும். மீதிக்கு அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மா ரெண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கும்போது நடுவில் எதற்கு என்று அவர் 30 நாள் மாத்திரையை 60 நாளுக்கு உடைத்துவிட்டார். வெளிக்கடையில் வாங்கியிருக்கலாமே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அசிட்ரோம் உடம்பில் நெடுநேரம் தங்குகிற மருந்தும் இல்லை. அளவு குறைந்தால் அதன் பிடி சில நாளிலேயே விட்டுப்போகும்.

"நீங்க சொன்னபடிதாம்மா செஞ்சோம்." கணவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தாங்கள் தப்பு செய்யவில்லை என்று எனக்கு நிரூபிக்கப் பார்த்தார். நான் திட்டுவேன் என்று பயந்திருந்தார்.

இதை மற்ற டாக்டர்களிடம் சொன்னால் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள். இடைவெளி விட்டது தப்பில்லை, மருந்து கொடுத்த இடத்தில் வந்த பிசகு அது, ஐ.என்.ஆர். சரியாக இருந்தும் பக்கவாதம் வந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். எல்லாம் சரி. ஆனால் மருந்து ஜன்னலில் 30 நாளுக்கு மேல் தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கட்டடத்தில் எத்தனை வருடமாக வேலை பார்க்கிறேன்? தெரியும். அன்று அதை நினைக்கவில்லை. 60 என்று எழுதியதும் என் வேலை முடிந்துவிட்டது.

பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் இப்போது இருக்கின்றன. ரிவரோக்சபான் அதில் ஒன்று. இவரைப் போன்றவர்களுக்கு அது விடிவு என்று நாங்கள் எல்லாரும் நம்பிக் காத்திருந்தோம். மாதாமாதம் ஊசி குத்தவேண்டாம், கூலி இழக்கவேண்டாம். ருமாட்டிக் வால்வு நோயும் இந்தத் தாளக் கோளாறும் உள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம், 24 நாடுகளில் இன்விக்டஸ் என்ற ஆய்வு நடந்தது. 2022-இல் முடிவு வந்தது. பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் இறப்பு குறைவு. ரத்தக்கசிவும் கூடவில்லை. அவர்களில் பலருக்கு ஐ.என்.ஆர். சரியான அளவில் நிற்கவில்லை, அப்படியும் பழையதுதான் ஜெயித்தது. ஏன் என்று இன்னும் பேசுகிறார்கள். பழைய மாத்திரைக்காரர்கள் பரிசோதனைக்கென்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், அந்த வருகையே அவர்களைக் காத்திருக்குமோ என்று சிலர் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வந்து உட்கார்ந்திருந்தால் கால் வீக்கத்தைப் பார்த்திருப்பேன், நோட்டைப் புரட்டியிருப்பேன், "மாத்திரை தீந்துபோச்சும்மா" என்று அவரே சொல்லியிருப்பார். ஒரு மாதத்துக்கு அவருக்கு மிச்சம் பிடித்துக்கொடுத்தேன் என்று நான் நினைத்தது அந்தச் சந்திப்பைத்தான்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. அவர் மாமியாருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து அந்த அம்மாவுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாதாமாதம் அதே வாசலுக்கு ஒரு பெண் வந்து, பிரஷர் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். மருமகள் உள்ளே பாதி மாத்திரையை உடைத்துக்கொண்டிருந்தார். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அங்கேயே ஐ.என்.ஆர். காட்டும் கையடக்கக் கருவி இருக்கிறது. சர்க்கரை பார்ப்பது போலத்தான். அதுவும் அந்தப் பெண்ணின் பையில் இருந்திருந்தால் அவர் என்னிடம் எதையும் கேட்டிருக்கவே வேண்டாம். இதை எழுதும்போது பழியை வேறு பக்கம் தள்ளுகிறேனோ என்று தோன்றுகிறது. தள்ளினாலும் உண்மை உண்மைதான். அந்தக் கருவி அந்தப் பையில் இருக்கவேண்டும்.

அதன்பிறகு ஒரு வருடம் யாருக்கும் இடைவெளி கொடுக்கவில்லை. கெஞ்சினாலும் கொடுக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் இரண்டு பேர் அடியோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. இன்னொருவரைப் பற்றித் தகவலே இல்லை. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தால் வந்திருப்பார்களோ என்னவோ. கண்டிப்பாக இருந்ததில் யாரைக் காப்பாற்றினேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் தூக்கத்தைக்கூடக் காப்பாற்றவில்லை.

அவர் இப்போது மாதாமாதம் வருகிறார், கணவர் கைத்தாங்கலாகக் கூட்டிவருகிறார். உப்பள வேலைக்கு இருவருமே போவதில்லை. கணவர் பக்கத்து ஊரில் கடையில் நிற்கிறார், அன்று அவருக்கும் லீவு. இவர் கொஞ்சம் நடக்கிறார். சில சொற்கள் திரும்பியிருக்கின்றன, வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல் வராது. போன மாதம் புது ஹவுஸ் சர்ஜன் பையன் ஒருவன் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடிக்கப் போனான். அவர் தலையை ஆட்டிவிட்டு இடது கையை நீட்டினார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார், வரவில்லை. "பாத்துக்க தம்பி" என்றுதான் சொல்ல வந்திருப்பார். நானே அதைப் பையனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன வாரம் ஒரு பெண். 31 வயது, அதே வால்வு, அதே தாளம், கைக்குழந்தை. அடுத்த மாதம் நடவு, ஒரு தடவை மட்டும் விட்டுவிட்டு வரலாமா என்றார். மூன்று மாத எண்களும் சரியாக இருந்தன. எழுந்து மருந்து ஜன்னலுக்கு நானே போனேன். இவருக்கு மட்டும் 60 நாளுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். ஸ்டாக்கைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தருகிறோம், அடுத்த தடவை சொல்லமுடியாது என்றார்கள். மாத்திரையை அங்கேயே நின்று எண்ணி வாங்கினேன். திரும்பி வந்து அவர் கையில் கொடுத்து, போன் நம்பர் வாங்கி, 30-ஆம் நாளில் நான் கூப்பிடுவேன் என்றேன்.

இன்னும் 23 நாள் இருக்கிறது. நம்பரைச் சரியாகத்தான் எழுதினேனா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.