புதுச்சேரியில் பன்றித்தொடை தேடிய கதை

கடலூர் முதுநகரில் கருவாட்டு வாசனையோடு வளர்ந்தவன் நான். உப்பு போட்டு வைத்த எதுவும் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை புதுச்சேரி பஸ்ஸில் தொற்றிக்கொண்டது இத்தாலிக்காரர்களின் புரோஷூட்டோவுக்காக; வேகவைக்காமல் உப்பு போட்டுக் காயவைத்த பன்றித்தொடை அது. இத்தாலியில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்த நண்பன் அதைப் பற்றிப் பேசிப் பேசியே என் நாக்கைக் கெடுத்துவிட்டிருந்தான். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் கிடைக்காமலா போகும்?

முதலில் நுழைந்த கடையில், "இதான் சார் இத்தாலி ஹாம்" என்று வட்ட வட்டமாக, ரோஜா நிறத்தில் ஒரு பாக்கெட்டைக் கொடுத்தார்கள். கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து பிரித்தால் தண்ணீர் ஒழுகுகிறது. அப்புறம்தான் லேபிளைப் படித்தேன்: தண்ணீர், சர்க்கரை, பாஸ்பேட். வேகவைத்த ஹாம். இத்தாலியில் இதற்கு 'கோட்டோ' என்று பெயர்; நான் தேடி வந்தது 'குரூடோ', அடுப்பைப் பார்க்காதது. படிக்காமல் வாங்கியது என் தப்புதான். பாதியைக் காக்கை தின்றது.

நண்பனுக்குப் போன் போட்டேன். "லேபிள்ல பன்றித்தொடை, உப்பு, இது ரெண்டுதான்டா இருக்கணும்" என்றான். இத்தாலியின் பார்மா ஊர்ப் புரோஷூட்டோ என்றால் பாக்கெட்டின் இடது மேல் மூலையில் கருப்பு முக்கோணம், அதற்குள் ஐந்து முனைக் கிரீடம் இருக்குமாம். சான் தனியேலே என்ற இன்னொரு இத்தாலி ஊரின் புரோஷூட்டோவும் உப்பு மட்டும் போட்டதுதான். ஊர்ப் பெயர் இல்லாமல் வெறும் புரோஷூட்டோ என்று வருவதில் பெரும்பாலும் இ252 என்ற கெடாமல் காக்கும் உப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) சேர்த்திருப்பார்கள். இதோடு நான் சேர்த்துக்கொண்டது ஒன்று: இறக்குமதி செய்தவரின் பெயரும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இல்லாவிட்டால் வாங்குவதில்லை.

மதியம் ஒயிட் டவுன் பக்கம் ஒரு சின்னக் கடை. சீஸ் வைத்திருந்த ஃபிரிட்ஜின் அடித்தட்டில், கிரீடத்தோடு, 80 கிராம். விலை ஆயிரத்துக்கு மேல். "கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கண்ணே?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த இன்வெர்ட்டரைக் காட்டினார். சரி என்று வாங்கிவிட்டேன். ஐஸ் கட்டிகளைக் கேட்டு வாங்கி டிபன் பாக்ஸில் போட்டு, பாக்கெட்டைப் பேப்பரில் சுற்றி மேலே வைத்தேன். மீன்கார ஊர்க்காரனுக்கு ஐஸ் போடவா சொல்லித்தர வேண்டும்? பெரிய மார்க்கெட்டில் ஒரு முலாம்பழமும் வாங்கிக்கொண்டேன். இத்தாலியிலும் வெயில் காலத்தில் அதோடுதான் தின்பார்களாம்.

வீட்டில் ஒரு துண்டை விரலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் அதற்குள் ஊடுருவித் தெரிந்தது. ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு; கையில் பிடித்த ஒரு நிமிடத்திலேயே இளகிப் பளபளத்தது. வாயில் வைத்ததும் முதலில் தெரிந்தது உப்பில்லை, இனிப்பு. உப்பு பின்னால் மெதுவாக வந்தது. பழத்தோடு சேர்த்தால் இரண்டும் சண்டை போடாமல் ஒத்துப்போயின. கடையில் துண்டு தடிமனாக இருந்தாலோ நிறம் பழுப்பாகியிருந்தாலோ வாங்காதீர்கள்.

ஆயா பன்றி தொடமாட்டாள். ஆனால் பாக்கெட்டை வாங்கி மோந்து பார்த்தாள். ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, மொட்டை மாடியில் காக்கை விரட்டி உப்புக்கண்டம் போட்ட கை அது. காய்ந்ததா என்று நகத்தால் கீறி மோந்து பார்ப்பாள். பார்மாவிலும் குதிரை எலும்பில் செய்த ஊசியைத் தொடைக்குள் குத்தி மோந்துதான் பார்க்கிறார்கள் என்றேன்.

"வெயில்ல போடலையா?"

"இல்ல ஆயா. ஜன்னலைத் திறந்துவிட்டுக் காத்துலதான் தொங்கவிடுவாங்க. குறைஞ்சது பதினாலு மாசம்."

"பதினாலு மாசமா? இந்த வீட்ல பதினாலு நாள் தொங்கவுட்டிருக்கீங்களாடா நீங்கல்லாம்?" என்றாள்.