ஐவி லீக்குப் பாடம் எடுத்தவர்கள்

மக்கள் தொடர்புப் பாடநூல் எதைப் பிரித்தாலும் முதல் அலகில், இந்தத் தொழிலின் முன்னோடி என்று அமெரிக்கரான ஐவி லீ உட்கார்ந்திருப்பார். சில நூல்கள் இன்னும் பின்னால் போய், அசோகர் கல்வெட்டே மக்கள் தொடர்புதான் என்று ஆரம்பிக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ராஜா கல்லில் வெட்டி வைத்தால் அது உத்தரவு. எதிர்க்கேள்வி கேட்க ஆள் வந்த பிறகுதான் இந்தத் தொழிலுக்கே அவசியம் வந்தது.

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனிகளில் பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு வேலை பார்த்துவிட்டு, இப்போது கோவையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகளுக்கு இந்தத் தாளை நடத்துகிறேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் ஸ்பின்னிங் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறவர்கள். அதனால் ஐவி லீக்கு முன்னால் 1902-ஆம் வருடத்துக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தையே திறப்பேன்.

அந்த வருடம் அமெரிக்காவில் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1,40,000 பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மே மாதம் ஆரம்பித்தது அக்டோபர் வரை நீண்டது. சங்கத் தலைவர் ஜான் மிட்செல், பத்திரிகைக்காரர்கள் எப்போது வந்தாலும் உட்கார வைத்துப் பேசினார். முதலாளிகள் தரப்பில் ஜார்ஜ் பேயர் வாயே திறக்கவில்லை. திறந்தபோது அதைவிட மோசம். தொழிலாளியின் நலனைப் பார்க்கச் சங்கக்காரர்கள் தேவையில்லை, கடவுள் யாரிடம் சொத்தை ஒப்படைத்தாரோ அந்த நல்ல கிறிஸ்தவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அது பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு என்ன, ஊரே சிரித்தது. குளிர்காலம் நெருங்க, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பஞ்சாயத்துக்கு வர வேண்டியதாயிற்று.

1906-ல் மறுபடியும் வேலைநிறுத்தம் வரும்போல இருந்ததும் முதலாளிகள் ஐவி லீயைக் கூப்பிட்டார்கள். போன தடவை வாங்கிய அடி அப்படி. அவர் பத்திரிகைகளுக்கு அனுப்பியதுதான் புகழ்பெற்ற ‘கொள்கை அறிக்கை’: நாங்கள் ரகசிய அலுவலகம் நடத்தவில்லை, எல்லாம் வெளிப்படை, இது விளம்பரம் என்று தோன்றினால் போடாதீர்கள். அதே வருடம் அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் தண்ணீரில் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தபோது, ரயில்வே கம்பெனிக்காக அவரே செய்திக்குறிப்பு எழுதி, நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கும் அழைத்துப் போனார். நல்ல காரியம்தான். அதில் குறை சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: “ஏனுங்க மேடம், அப்படீன்னா மொதல்ல பி.ஆர். பண்ணுனது அந்தச் சங்கத்துக்காரருதானுங்களே?” ஆமாம் கண்ணு, நான் சொல்ல வந்ததே அதுதான்.

லீயின் அடுத்த கட்டத்தைப் பாடநூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடும். 1914 ஏப்ரல் 20, கொலராடோவில் லட்லோ. பெரும் பணக்காரரான ராக்பெல்லருக்குப் பெரும்பங்கு இருந்த சுரங்கக் கம்பெனியில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கூடாரங்கள் மீது நேஷனல் கார்டு படை தாக்குதல் நடத்தியது. கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் 11 குழந்தைகளும் இறந்தார்கள். ராக்பெல்லர் பெயரைக் காப்பாற்ற வந்த லீ, வரிசையாக அறிக்கைகளை அச்சடித்து அனுப்பினார். அதில் ஒன்றில், சங்கத் தலைவர்கள் ஒரு வருடத்தில் வாங்கிய சம்பளத்தைச் சில வாரங்களிலேயே வாங்கியதாகப் போட்டிருந்தது. பிறகு அரசின் விசாரணைக் குழு முன் நின்றபோது, முதலாளிகள் கொடுத்த தகவல் சரிதானா என்று பார்க்க நீங்கள் என்ன முயற்சி செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை என்று லீ ஒப்புக்கொண்டார்.

அந்த ஒரு பதிலுக்காகவே ஒரு முழு வகுப்பு ஒதுக்குவேன். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் குடோன் தீப்பிடித்தபோது, உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்றேன். “நீங்க எதுக்குங்க அங்கெல்லாம்? ஹெச்.ஆர். குடுக்கறதைக் கொஞ்சம் அழகா எழுதிக் குடுங்க, போதும்” என்றார் மேனேஜர். மரியாதையாகத்தான் சொன்னார். ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டேன்; அதற்கப்புறம் கேன்டீனில் அவர் என்னோடு சரியாகப் பேசியதில்லை.

எட்வர்ட் பெர்னேஸைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மனநல மருத்துவர் பிராய்டின் தங்கை மகன், 1929-ல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் பிடிக்க வைத்து அதற்குச் ‘சுதந்திரச் சுடர்’ என்று பேர் வைத்தவர். சிகரெட் கம்பெனி காசு. ஆனால் 1923-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதை ஒரு பாடமாக நடத்தியவரும் அவர்தான். 1947-ல் பாஸ்டன் பல்கலைக்கழகம் தனிப் பள்ளியே தொடங்கியது. இந்தியாவில் மக்கள் தொடர்புக்காரர்களின் தொழில்முறைச் சங்கம் 1958-ல் வந்தது. நம் ஊரில் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அதிகாரி) என்றால் சினிமா டைட்டில்தான் ஞாபகம் வரும். அந்தப் பெயரை முதலில் வாங்கிக்கொடுத்த பிலிம் நியூஸ் ஆனந்தன் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு வேலை பார்த்ததும் அதே 1958.

1984-ல் ஜேம்ஸ் க்ரூனிக்கும் டாட் ஹன்ட்டும் இந்த வரலாற்றை நான்கு மாதிரிகளாகப் பிரித்தார்கள். வெறும் தம்பட்டத்தில் தொடங்கி, இரு தரப்பும் சமமாகப் பேசிக்கொள்வதில் முடியும். படிக்க அழகாக இருக்கும். அந்த டிசம்பரில்தான் போபால் விஷவாயு விபத்து. கம்பெனிகள் தாமாகவே படிப்படியாகத் திருந்தி வந்தன என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதுதான் அந்தப் பட்டியலில் எனக்குள்ள சங்கடம்.

அதற்கு மறுப்பு வேண்டுமானால் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றுக்கு வரலாம். சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கிடந்த வருடங்களில் பேசியது விவசாயிகள். உப்புப் பூத்த தோட்டத்தை நிருபர்களுக்குக் காட்டினார்கள், வழக்குப் போட்டார்கள். நாங்கள் உள்ளே உட்கார்ந்து “எம்.டி. ஊர்ல இல்லீங்க” என்று போனை வைத்துக்கொண்டிருந்தோம். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்டவை நின்றன. அதன் பிறகுதான் திருப்பூர்ப் பிரசுரங்களில் ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’ (கழிவுநீரை வெளியே விடாத முறை) முதல் பக்கத்துக்கு வந்தது. இன்றைக்கு வெளிநாட்டு பையர் வந்தால் முதலில் காட்டுவதே சுத்திகரிப்பு நிலையத்தைத்தான். அந்தப் பக்கங்களை எழுதிச் சம்பளம் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. எழுத வைத்தவர்கள் ஒரத்துப்பாளையத்துக்காரர்கள்.

பல்கலைக்கழகத் தேர்வில் லட்லோ வராது. ‘ஐவி லீ — குறிப்பு வரைக’ என்றுதான் கேட்பார்கள். கொள்கை அறிக்கையை ஒழுங்காக எழுதிவிட்டு, இடம் இருந்தால் ஜான் மிட்செல் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். திருத்துகிறவர் எங்காவது மில்லில் வேலை பார்த்தவராக இருந்தால் அரை மார்க் கூடப் போடலாம்.