கைடுக்குக் கிடைத்த மேடை, எனக்குப் போன நாலு ஸ்லைடு

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் வருடாவருடம் ஆசிரியர் ஆராய்ச்சிச் சொற்பொழிவு என்று ஒன்று நடக்கும். சக பேராசிரியர்களே தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இத்தனை வருடமாக என்னதான் செய்தீர்கள் என்பதை எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று மேடையேற்றுவார்கள். லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 1925-லிருந்தே நடக்கிறது. அப்படி ஒரு மேடைக்கு என் பிஎச்.டி கைடு போன கதை இது. எந்த வளாகம் என்று சொல்லப்போவதில்லை, ஏன் என்று படித்தால் தெரியும்.

கைடின் ஆராய்ச்சி நிலம் தாழ்வது பற்றியது. கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் விவசாயத்துக்காக நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அடியில் இருக்கும் களிமண் அடுக்குகள் நசுங்கி, மேலே தரை இறங்கிக்கொண்டே போகிறது. ஒருமுறை அப்படி நசுங்கியது, பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பெரும்பாலும் பழையபடி உப்பாது. அதை ரேடார் செயற்கைக்கோள் வைத்து அளப்பதுதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் வளாகத்தில் தன் பெயரைத் தானே பரிந்துரைக்க முடியாது. துறையில் இன்னொருவர் கடிதம் எழுத வேண்டும், வெளியிலிருந்து ஆதரவுக் கடிதங்கள் வர வேண்டும், முக்கியமான ஐந்து கட்டுரைகள், சி.வி. கடிதத்தில் கையெழுத்து அந்தப் பேராசிரியருடையது, ஃபைலைச் சேர்த்தது நான். முதல் வருடம் கிடைக்கவில்லை. ஒரு வரி மின்னஞ்சல், அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்த ஒரு கடிதம் எங்கள் ஃபைலில் சேரவே இல்லை என்பது நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது; அனுப்பியவர் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார், அலுவலகத்தில் எங்கேயோ தங்கிவிட்டது. வயிற்றெரிச்சல்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் அது மட்டும் காரணமாக இருந்திருக்காது, ஏனென்றால் எங்கள் பரிந்துரைக் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. முதல் பக்கம் முழுக்க, கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையும் அதிலிருந்து கணக்கிடும் ஹெச்-இன்டெக்ஸ் மதிப்பெண்ணும். தேர்வுக் குழுவில் இசை வரலாற்றுக்காரரும் சட்டப் பேராசிரியரும் உட்கார்ந்திருப்பார்கள் என்று யாருமே யோசிக்கவில்லை.

அடுத்த வருடம் கடிதத்தை ஒரு கம்பத்தில் ஆரம்பித்தோம். மெண்டோட்டா ஊருக்குப் பக்கத்தில் 1977-ல் எடுத்த பிரபலமான படம்: நிலவியலாளர் ஜோசப் போலண்ட் ஒரு மின்கம்பத்தடியில் நிற்கிறார், அவர் தலைக்கு மேலே எங்கேயோ உயரத்தில் 1925 என்று ஒரு பலகை. அந்த வருடம் தரை அங்கே இருந்தது. ஏறக்குறைய 9 மீட்டர். இந்தத் தடவை கிடைத்துவிட்டது.

சரி, பேச்சு 50 நிமிடம். கைடு கொண்டுவந்தது 112 ஸ்லைடு. மாதிரிக்கு இருக்கட்டும் என்று கணினி அறிவியலாளர் ஜூடியா பேர்ல் 1996-ல் லாஸ் ஏஞ்சலஸில் பேசிய 81-வது சொற்பொழிவைக் கொடுத்தேன் (பிற்பாடு அவருடைய 'காசாலிட்டி' புத்தகத்தின் கடைசியில் அச்சானது). காரண காரியத்தைக் கணிதமாக்கி கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருதை 2011-க்கு வாங்கியவர், பேச்சை ஏதேன் தோட்டத்திலிருந்து தொடங்குகிறார். பழத்தைத் தின்றாயா என்று கடவுள் கேட்டது வெறும் தகவல். ஆதாமோ ஏவாளைக் கைகாட்டுகிறான், ஏவாள் பாம்பைக் கைகாட்டுகிறாள். கேட்டது ஒன்று, இருவரும் சொன்னது காரணம். சமன்பாடு வருவதற்குள் நாம் வசமாக மாட்டிக்கொள்கிறோம். கைடு படித்துவிட்டு, "இவருக்கு ஆதாம் இருக்கிறார், எனக்குக் களிமண்தானே இருக்கிறது" என்றார்.

இரண்டாவது ஒத்திகைக்குத் துறை அலுவலகத்தில் பயணப் பில் பார்க்கும் அம்மாவைக் கூப்பிட்டிருந்தோம். அதே பள்ளத்தாக்கில் இருக்கும் டுலேர் மாவட்டத்துக்காரர். பாதியில் கையைத் தூக்கி, 2014-ல் எங்கள் மாவட்டத்துக் கிழக்குப் போர்ட்டர்வில்லில் வீட்டுக் கிணறெல்லாம் வற்றியதே, அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டார். கைடு ஸ்லைடை விட்டுவிட்டு நேராக அவரைப் பார்த்துப் பேசினார்: நீர்மட்டம் இறங்கியதுதான் இரண்டுக்கும் காரணம், ஆனால் நல்ல மழை பெய்தால் கிணற்றில் திரும்பத் தண்ணீர் வரலாம், நசுங்கிய களிமண் வராது. இரண்டே நிமிடம். அதுவே பேச்சின் நடுப்பகுதி ஆனது.

அதற்கு இடம் வேண்டுமே, என் நாலு ஸ்லைடு போனது. நாங்கள் பயன்படுத்தும் சென்டினல்-1 செயற்கைக்கோள் ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ.; இரண்டு தேதிகளின் அளவுகளை ஒப்பிட்டு வரையும் படத்தில் நிறங்கள் ஒரு சுற்று மாறி முதல் நிறத்துக்கே திரும்பினால், அந்த ஒரு வண்ணச் சுற்று 2.8 செ.மீ. நகர்வு (அலை போய்த் திரும்புவதால் பாதி). சுற்றுகளை எண்ணும்போது எங்கே தவறுகிறோம் என்பதுதான் என்னுடைய இரண்டு வருட வேலை. "அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன்" என்றார் கைடு. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சொற்பொழிவு அன்று அரங்கம் நிறைந்துவிட்டது. சொன்னபடியே ஒரே வாக்கியம்தான். அப்புறம் கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து, வண்ணச் சுற்றை எண்ணும்போது ஒன்று விட்டுப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்! தேவைப்பட்டால் காட்டலாம் என்று கடைசியில் ஒளித்து வைத்திருந்த ஸ்லைடுகள் பழைய ஃபைலில் இருந்தன, மேடையில் ஓடியது புது ஃபைல். என் தப்புதான். கைடு சிரித்துக்கொண்டே, அதைச் செய்தவர் இதோ இருக்கிறார் என்று என்னைக் காட்டிவிட்டார். எழுந்து நின்று வாயில் வந்ததைச் சொன்னேன்: நிமிட முள் மட்டும் இருக்கிற கடிகாரம் மாதிரி, மணி எத்தனை என்பதைப் பக்கத்துக் கடிகாரங்களைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும், ஒன்று தப்பானால் அதை ஒட்டியிருப்பவையும் தப்பாகிவிடும். பெரியவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த நாலு ஸ்லைடும் இப்போது என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கின்றன. கடிகாரத்தையும் சேர்த்துவிட்டேன்.