அம்மாவுடன் கண்டியில் முதல் சில நாட்கள்

ஜனவரி 17, 2025, வெள்ளி. கோத்தகிரி

நாளை கிளம்புகிறோம். காலையிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் லைனில் (தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளின் வரிசை) முக்கால்வாசிப் பேர் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நீலகிரியில் அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட்டது. பின்னால் அதுவே டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அம்மா 1973-இல், பதின்மூன்று வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தவள். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நின்றது, கொழுந்து எடுத்தது, என்னையும் தம்பியையும் வளர்த்தது எல்லாம் இங்கேதான்.

அம்மா பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். கண்டிக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். பாஸ்போர்ட் விஷயமாகத் தாத்தா குடும்பத்தோடு கூட்டிப்போனாராம். ராத்திரி ஸ்டேஷனில் படுத்து, விடிந்ததும் இந்தியத் தூதரக அலுவலகத்தில் வரிசையில் நின்று, சாயங்காலம் திரும்பி வண்டி ஏறியிருக்கிறார்கள். "ஏரி இருக்கு, அரமனை இருக்குன்னு சொன்னாங்க. எங்க பாக்க? பேரைக் கூப்புடுறப்ப ஆள் இல்லைன்னா போச்சே" என்பாள். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால்தான் பிறந்த தோட்டத்துக்கு நேராகப் போகாமல் முதலில் கண்டியில் தங்குவதாகத் திட்டம் போட்டேன். எந்த வரிசையும் இல்லாமல், எந்தக் காகிதமும் கையில் இல்லாமல், அவள் அந்த ஊரைச் சாவகாசமாகப் பார்க்க வேண்டும்.

கீழ் லைன் பாட்டி மாசிக் கருவாடு கேட்டிருக்கிறார். பதுளையில் பிறந்த தாத்தா ஒருவர், பதுளை ஸ்டேஷன் போர்டை ஒரு போட்டோ எடுத்து வரச் சொன்னார். அவ்வளவு தூரம் போவோமா தெரியவில்லை, சரி என்று சொல்லியிருக்கிறேன்.

பெட்டியில் ஊட்டி வர்க்கியும் டான்டீ தூளும் வைத்தாயிற்று. "சிலோனுக்கே டீத்தூளா?" என்று தம்பி கேட்டான். "நம்ம எடுத்த கொழுந்து. அவுங்களும் குடிச்சுப் பாக்கட்டும்" என்றாள் அம்மா.

ஜனவரி 19, ஞாயிறு. கண்டி

நேற்று மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய், ராத்திரி திருச்சி. இன்று காலை விமானம். ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கட்டுநாயக்கா வந்துவிட்டது. இந்தக் கடலைத்தான் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே தாண்டினேன் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடிவரவு அதிகாரி அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறந்த ஊர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஹட்டன்?" அம்மா உடனே, "ஓவ் மஹத்தயா" (ஆமாம் ஐயா) என்றாள். அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார், இவளும் பதில் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அம்மா சிங்களம் பேசி நான் கேட்டதே இல்லை. என்ன கேட்டார் என்றேன். "எப்ப போனீங்கன்னு கேட்டாரு. சின்னப் புள்ளையில போனேன்னு சொன்னேன்" என்றாள்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷனிலிருந்து ரயில். இந்தப் பாதை 1867-லேயே கண்டிக்கு வந்துவிட்டது. ரம்புக்கனை தாண்டினதும் ஏற்றம். நம் மலை ரயில் மாதிரி பல்சக்கரம் கிடையாது. அகலப் பாதையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. கடுகண்ணாவை வரும்வரை ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் அதலபாதாளம். ஒவ்வொரு குகைக்குள் நுழையும்போதும் பெட்டியில் பிள்ளைகள் கத்துகிறார்கள். குன்னூர் ரயிலிலும் இதே கத்தல்தான்.

கண்டியில் இறங்கியதும் அம்மா வெளியே வரவில்லை. பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று, "இங்கனதான் படுத்தோம். ஆத்தா சேலைய விரிச்சுச்சு" என்றாள். இதே தூண்தானா என்று நான் கேட்கவில்லை. மூன்று மொழியில் எழுதியிருந்த பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்கவைத்துப் போட்டோ எடுத்தேன்.

அத்தை வீட்டில் தங்கல். அம்மாவின் தாய்மாமன் மகள். அவர்கள் குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டார்கள். ராத்திரி தேங்காய் ரொட்டி, சம்பல். அம்மா எங்களுக்கு வீட்டில் செய்யும் அதே ருசி. நாங்கள் கொண்டுபோன தூளில் அத்தை பால் விடாத சாயத்தண்ணி போட்டார். மதினிமார் இரண்டு பேரும் ஒரு வாய் குடித்துவிட்டு ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். நிறம் கொஞ்சம் கம்மி, வாசம் தூக்கலாக இருக்கிறது என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஜனவரி 20, திங்கள்

தலதா மாளிகை. புத்தரின் புனிதப் பல் இருக்கும் இடம். காலை ஒன்பதரைப் பூசைக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்டி 500 மீட்டர் உயரம்தான், கோத்தகிரிக்காரர்களுக்கு வேர்க்கிறது. ஸ்வெட்டரோடு வந்த தம்பி அதை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

வாசலில் ஒரு விஷயம் மனதை உறுத்தியது. உள்ளூர்க்காரர்களுக்கு டிக்கெட் இல்லை, அத்தை நேராக உள்ளே போய்விட்டார். வெளிநாட்டவர் டிக்கெட் எடுக்க வேண்டும். இந்த மலையிலேயே பிறந்த அம்மா வெளிநாட்டவர் கவுண்டரில் நின்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சாமிக்குக் குடுக்குறதுல என்ன கணக்கு?" என்று சொல்லிவிட்டுத் தாமரை வாங்கப் போனாள்.

உள்ளே மேளம் தொடங்கிவிட்டிருந்தது. இடுப்பில் சிவப்புத் துணி கட்டிய மேளக்காரர்கள் கீழ்த்தளத்தில் நின்று அடிக்கிறார்கள். மரத்தூண்கள் அதிர்வது உள்ளங்காலில் தெரிகிறது. மேல்தளத்தில் நீள மேசை. வெள்ளை உடுப்பில் வந்த சனம் தாமரையும் நீல அல்லியும் மல்லிகையும் அதில் பரப்பிவிட்டுப் போகிறது. அல்லிப் பூவின் வெளியிதழ்களை ஒரு பாட்டி ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடித்து, பூவை விரியவைத்து, தண்டைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தார். அம்மா அதைப் பார்த்து அதே மாதிரி செய்தாள். பூசை நேரத்தில் கதவு திறக்கும். நகர்ந்துகொண்டே இருக்கும் வரிசையில் தங்கப் பேழை தூரத்தில் கண்ணில் படும், அவ்வளவுதான். பல்லை யாரும் பார்ப்பதில்லை. வெளியே வந்து அம்மா ரொம்ப நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

1998 ஜனவரியில் இந்த வாசலில் குண்டு வெடித்தது. உடைந்ததையெல்லாம் திரும்பச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்றும் சோதனை கடுமை. பெரஹரா ஊர்வலத்தில் வருடக்கணக்காகப் பேழை சுமந்த ராஜா என்ற யானை 1988-இல் இறந்தது; அதைப் பாடம் செய்து ஒரு கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். முதுமலையில் எத்தனையோ யானை பார்த்தாயிற்று. ஆனாலும் அதன் தந்தத்தின் நீளத்தைப் பார்த்து அசந்துபோனேன்.

பக்கத்திலேயே மகுல் மடுவ, கண்டி ராஜாவின் கொலு மண்டபம். சுவர் இல்லை, செதுக்கிய மரத்தூண்கள் மட்டும். 1815 மார்ச் 2-ஆம் தேதி கண்டி ராஜ்ஜியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன ஒப்பந்தம் இங்கேதான். ஒரு தூணைத் தடவிப் பார்த்தேன். மழமழவென்று இருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயில். பிறகு மாளிகைக்கு எதிரில் இருக்கும் தேவாலயங்கள். இங்கே தெய்வங்களின் கோயிலுக்குத்தான் அந்தப் பெயர். நாத, விஷ்ணு, பத்தினி மூன்றும் அக்கம்பக்கம்; கதிர்காமத் தேவாலயம் ஊருக்குள் தள்ளி. பத்தினி என்பது நம் கண்ணகி. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கையிலிருந்து கயவாகு அரசன் வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பள்ளியில் நான் பாடம் எடுக்கும் கதை அது. அந்தக் கண்ணகி முன்னால் சிங்களப் பெண்கள் பழத்தட்டோடு, கைக்குழந்தையோடு நிற்கிறார்கள். பூசாரி தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு அம்மை போட்டால் இங்கே நேர்ந்துகொள்வார்கள் என்று அத்தை சொன்னார். "அப்ப நம்ம மாரியாத்தாதான்" என்றாள் அம்மா, கன்னத்தில் போட்டுக்கொண்டே. அடுத்த வாரம் என் வகுப்பில் இந்தத் தட்டுகளையும் இந்தப் பெண்களையும் சொல்லாமல் அந்தப் பாடத்தை நடத்த முடியாது.

சாயங்காலம் ஏரி. இதற்காகத்தான் வந்தோம்.

வயலாக இருந்த இடத்தில் அணை கட்டி, 1807-இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டத் தொடங்கிய ஏரி. கரையில் வெள்ளைச் சுவர், மேலே மேகம் அலையலையாகப் போவது போன்ற வடிவம். சுவர் முழுக்க முக்கோணமாகச் சின்னச் சின்ன விளக்கு மாடங்கள். ஏரி நடுவில் ஒரு குட்டித் தீவு. ஒரு பெரிய உடும்பு தண்ணீரிலிருந்து ஏறி எங்கள் முன்னால் படியில் நிதானமாகப் போனது. கரையைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, பாதியில் ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்தோம்.

அந்த ராஜாவின் கதையை அங்கே உட்கார்ந்துதான் சொன்னேன். தென்னாட்டு நாயக்கர் வழி. பிறந்தபோது பெயர் கண்ணுசாமி. 1798-இல் பட்டத்துக்கு வந்தார். 1815 பிப்ரவரியில் பிடிபட்டு, அடுத்த வருடம் குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832-இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் அவர் சமாதியை நான் பார்த்திருக்கிறேன். அவரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அனுப்பிய அதே ஆட்கள், கொஞ்ச வருடத்தில் காப்பித் தோட்டம் போட அந்தக் கரையிலிருந்து நம் சனத்தை இங்கே கூட்டிவந்தார்கள். மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்து வந்த சனம். வழியில் செத்தவர்கள் ஏராளம். பிறகு 1948-இல் குடியுரிமை போனது. 1964-இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து யார் எந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். இந்தக் கடலைத் தாண்டுவது எங்கள் குடும்பத்தில் எப்போதும் வேறு யாரோ முடிவு பண்ணினதாகவே இருந்திருக்கிறது. இந்தப் பயணத்துக்கு டிக்கெட் போட்டது நாங்கள். அதை நினைத்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதிச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, "ராஜாவுக்காவது கோட்டைக்குள்ள வச்சாங்க. எங்களுக்கு மண்டபத்துல தகரக் கொட்டா" என்றாள் அம்மா.

ஜனவரி 22, புதன்

பேராதனைப் பூங்கா. பஸ்ஸில் பக்கம்தான். 147 ஏக்கர், மகாவலி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஊட்டி தாவரவியல் பூங்கா சரிவில் ஏறும். இது சமதளம், அம்மாவின் காலுக்கு வசதி. 1821-இல் தொடங்கியது, ஊட்டியை விடக் கால் நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. ராஜ பனை வரிசை, யூரி ககாரின் 1961-இல் நட்ட மரம், மரம் நிறையத் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள். புல்வெளியில் தனியாக நிற்கும் ஜாவா அத்திமரத்தின் கீழ் ஒரு பள்ளிக்கூடமே உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. 1824-இல் சீனத் தேயிலைச் செடி இலங்கைக்கு முதலில் வந்தது இந்தப் பூங்காவுக்குத்தான். மத்தியானம் மழை. வீடு.

ஜனவரி 23, வியாழன்

ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம். 1925-இல் கட்டிய ஃபேக்டரி. 2001-இல் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது, இரண்டு வருடத்தில் காப்பியில் துரு நோய் விழுந்து ஊரெல்லாம் தேயிலைக்கு மாறியது என்று ஒரு பெண் விளக்கிக்கொண்டு வந்தார்.

ரோலர் மெஷின் பக்கம் வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். வட்ட மேசை, அதன்மேல் பிறை பிறையாகப் பித்தளைப் பட்டைகள். அப்பா எங்கள் பக்கத்து ஃபேக்டரியில் இதே மெஷினில்தான் வேலை பார்த்தார். "கொழுந்து வாடி வரணும். வாடாம போட்டா நொறுங்கும், வாடினதுதான் முறுக்கும். இந்தப் பட்டை தேஞ்சா முறுக்கு ஏறாது. உங்கப்பா டியூட்டி முடிஞ்சு இந்தச் சந்துல ஒட்டினதையெல்லாம் சொரண்டி எடுத்துட்டுத்தான் வருவாரு, நகமெல்லாம் கறுப்பா இருக்கும்" என்று பட்டைகளுக்கு நடுவில் விரலை ஓட்டிக் காட்டினாள். விளக்கம் சொல்ல வந்த பெண் தன் பேச்சை நிறுத்திவிட்டு இவளைக் கேட்கத் தொடங்கினார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதானாம், தமிழிலேயே பேசினார். செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியை நீலகிரியில் எப்படிப் பிடிப்பார்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, செடிமேல் மட்டக்கம்பு வைத்து மட்டம் பார்த்து எடுப்பீர்களா என்று கேள்விமேல் கேள்வி. பின்னால் வந்த வெளிநாட்டுக் கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு வயதான பெண்மணி, அம்மா சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேட்டார். அந்தப் பெண் வரி வரியாகச் சொன்னார்.

மேல் மாடியில் தேநீர். ஜன்னல் வழியே கண்டி முழுக்கத் தெரிகிறது.

நாளை ஹட்டன் ரயில், டிக்கெட் எடுத்தாயிற்று. அத்தையும் கூட வருகிறார். தோட்டத்துக்குப் போன் பண்ணி விசாரித்திருக்கிறார்: அம்மா படித்த பள்ளிக்கூடம் இருக்கிறதாம், லயத்தில் (லைன் வீடுகளில்) ஒரு வரிசையை இடித்துத் தனி வீடுகள் கட்டிவிட்டார்களாம். அது எந்த வரிசை என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள், அத்தைக்குத் தெரியவில்லை. ஹட்டனில் இறங்கி பஸ் மாற வேண்டும். அங்கே நம் ஊர்க் குளிர் இருக்குமாம், தம்பி ஸ்வெட்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டான்.