வியர்வைக் கையும் பிளாஸ்டிக் ரீலும்

கடைசியில் நானே கழுவிய ஒரு ரோல் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ஒழுங்காக வந்துவிட்டது. 36 ஃப்ரேம், ஒன்றில்கூடப் பிறை வடிவ மடிப்பு இல்லை, பால் நிறத் திட்டு இல்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் வாடகை அறையில் ஃபிலிம் கழுவுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பெருமையடிக்கத்தான் போகிறேன்.

எந்த வீடியோவைப் பார்த்தாலும் வெப்பநிலையைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். 20 டிகிரி, 20 டிகிரி. இங்கே குழாயைத் திறந்தாலே 28, 29 வருகிறது. ஆனால் அது அப்படியொன்றும் தலைவலி இல்லை. ஒரு வாளித் தண்ணீர், அதற்குள் டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து), ஃபிக்ஸர் (அதை நிலைக்க வைக்கும் மருந்து), அலசுகிற தண்ணீர் எல்லாம், கூடவே மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) அண்ணனிடம் வாங்கிய ஐஸ் ஒரு பை. 24 வந்ததும் நிறுத்திவிடுகிறேன். 20க்கு இறக்கினால் கழுவி முடிப்பதற்குள் மறுபடி ஏறிவிடும். எச்பி5 ஃபிலிமை ஐடி-11 என்ற டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்து கழுவ, 20 டிகிரியில் 13 நிமிடம். 24 என்றால் ஏறக்குறைய 9. தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் நேரம் ரொம்பக் குறைந்துவிடும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் ஒரே சீராக வராது. அதனால் நம் ஊர்ச் சூட்டுக்குத் தண்ணீர் கலந்ததுதான் சரி.

உண்மையான வில்லன் ரீல். கழுவும் டேங்குக்குள் வைக்க, இருட்டில் ஃபிலிமைச் சுற்றி ஏற்றுகிற பிளாஸ்டிக் சக்கரம்.

என்னிடம் இருக்கும் பேட்டர்சன் கம்பெனி ரீலின் வாயில் இரண்டு பக்கமும் ஒரு குட்டி உலோகக் குண்டு இருக்கும். ரீலை முன்னும் பின்னும் திருப்பத் திருப்ப அந்தக் குண்டுகள் ஃபிலிமைக் கவ்வி உள்ளே தள்ளும். துளி ஈரம் பட்டாலும் போதும், குண்டு அசையாது. ஃபிலிம் மேலிருக்கும் ஜெலட்டினும் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்க ஆரம்பிக்கும். பினாங்கு மத்தியானத்தில் சேஞ்சிங் பேக்குக்குள் (ஃபிலிம் ஏற்றுவதற்கான, வெளிச்சம் புகாத துணிப் பை) கையை விட்டால், இட்லிச் சட்டிக்குள் விட்ட மாதிரிதான். பாதி ரோல் சமர்த்தாக ஏறும், அப்புறம் நின்றுவிடும். இழுத்தால் மடியும். தள்ளினால் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்துக்கு டெவலப்பரும் போகாது, ஃபிக்ஸரும் போகாது.

லெபு பாசார் தெருவில் மாலை கட்டுகிற அக்கா ஒருவரை எடுத்த படம் அப்படித்தான் போனது. விரல் இருக்கிறது, நார் இருக்கிறது, மல்லிகை மொட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. முகத்தின் மேல் மட்டும் அந்தத் திட்டு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் “என் போட்டோ எங்க தம்பி?” என்று கேட்கிறார். இப்போதெல்லாம் லெபு குவீன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

எது உதவியது என்றால், முதலில் பல் துலக்கும் பிரஷ். நீர்க்கறை படியாமலிருக்கக் கடைசி அலசலில் ஊற்றுகிற வெட்டிங் ஏஜென்ட் ரீலின் பள்ளங்களில் படிந்து காய்ந்திருக்கும். வெந்நீரில் தேய்த்தால்தான் போகும். அப்புறம் ஹேர் டிரையர், குண்டு இருக்கும் குழிக்கு நேராக. ஃபிலிம் முனையின் இரண்டு மூலையையும் லேசாக வளைவாக வெட்டிவிட வேண்டும், கூர்மையாக விட்டால் முதல் திருப்பத்திலேயே மாட்டும். கையுறை சரிப்படவில்லை, ஃபிலிமின் விளிம்பே விரலுக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், பக்கத்து அறை நண்பனின் ஏர்கோன். அரை மணி நேரம் ஓடவிட்டு, பையையும் ரீலையும் அங்கேயே காய வைத்துவிட்டுத்தான் இந்த ரோலை ஏற்றினேன். நடுவில் ஒருமுறை கை ஈரமானபோது ரீலையும் ஃபிலிமையும் அப்படியே டேங்குக்குள் வைத்து மூடினேன். கையை வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டு மறுபடி தொடர்ந்தேன். நடுக் குழாயையும் போட்டு டேங்க் மூடியிருந்தால் வெளிச்சம் போகாது, அவசரமே இல்லை. இதை ஏன் எந்த வீடியோவிலும் முதலில் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

மருந்து வாங்குவது தனிக் கதை. ஐடி-11 தூளாக வருவதால் தபாலில் பிரச்சினை இல்லை. ஃபிக்ஸர் திரவம். கோலாலம்பூரிலிருந்து வந்த பாட்டிலின் மூடி கசிந்து, பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்கப் புளித்த காடி வாடை. கூரியர்காரர் கடையைக் கைகாட்ட, கடைக்காரர் கூரியரைக் கைகாட்டினார். அடுத்து கென்ட்மியர் 400 ஃபிலிமை 30.5 மீட்டர் சுருளாக வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எச்பி5 தயாரிக்கும் அதே ஹார்மன் கம்பெனியின் சரக்குதான், விலை குறைவு. ஒரு சுருளில் 18 ரோல் வரை தேறும். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடனில் படிக்கிறவனுக்கு அதுதான் வழி.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ரோலில் பாதி, கடைகளின் ஐந்தடி நடைபாதையில் எடுத்தது. உள்ளே நிழல், ஒரு அடி தள்ளி ரோட்டில் கொளுத்துகிற வெயில். மாமா கொடுத்த பெண்டக்ஸ் கே1000 கேமராவின் வெளிச்ச மீட்டர், வெயிலைப் பார்த்துவிட்டு நிழலில் நிற்பவரைக் கரியாக்கிவிடும். அதனால் என் கையை நிழலில் நீட்டி, அதில் அளந்து, அந்த அளவிலேயே வைத்துச் சுட்டேன். ரோடு வெளுத்துத்தான் போனது, போகட்டும். முகங்கள் இருக்கின்றன. (அந்த மீட்டருக்கு அணைக்கும் பொத்தானே கிடையாது. லென்ஸ் மூடியைப் போடாமல் பைக்குள் வைத்தால் பேட்டரி காலி. ஷட்டர் மட்டும் பேட்டரி இல்லாமலும் ஓடும், அது ஒரு புண்ணியம்.)

நெகட்டிவ் இன்னும் கொடியில்தான் தொங்குகிறது, ஸ்கேன் பண்ணவில்லை. அதற்குள் மனம் தைப்பூசத்துக்குப் போய்விட்டது. லெபு பினாங்கிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும் விடியற்காலை வெளிச்சத்துக்கு எச்பி5ஐ 1600 ஐஎஸ்ஓவுக்கு ஏற்றித்தான் எடுக்க முடியும், அப்படி எடுத்தால் கழுவும் நேரமும் கூடும். ஐடி-11இல் தண்ணீர் கலக்காமல் 20 டிகிரியில் 14 நிமிடம். 24இல் கிட்டத்தட்ட 10. தேங்காய் சிதறுவதை உறைய வைக்க அந்த வெளிச்சம் போதாது, தெறிக்கும் ஓடு கோடாக இழுபட்டால் இழுபடட்டும். அன்றைக்கு ரோல்கள் வரிசையாகச் சேரும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பிளாஸ்டிக் ரீலைக் காய வைத்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்டீல் ரீல் என்றால் ஈரத்தோடும் ஏறும், நடுவிலிருந்து வெளியே சுற்றப் பழக வேண்டும், அவ்வளவுதான். பினாங்கில் யாரிடமாவது வளையாத ஸ்டீல் ரீல் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். பழகிப் பார்க்க, வீணாய்ப்போன ரோல்கள் என்னிடம் நிறையவே இருக்கின்றன.