ஆஸ்திரேலியா ஆர்டருக்கு ஆரிஜின் சர்டிஃபிகேட்: எங்கே மாட்டுது?

இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்ததிலிருந்து ஆரிஜின் சர்டிஃபிகேட் (சரக்கு இந்தியாவுல தயாரானதுன்னு காட்டற சான்று) இருந்தா நம்ம திருப்பூர் பனியன் சரக்குக்கு அங்கே 5 சதவீத இறக்குமதி வரி இல்லை. எஃப்ஓபி (கப்பல்ல ஏத்தற வரைக்குமான சரக்கு மதிப்பு) ஒரு லட்சம் டாலர்னா 5,000 டாலர் மிச்சம். மிச்சம் பையருக்குத்தாங்க (அங்கே வாங்கறவர்), வரி கட்டறது அவர். அதனால விலை பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிடுங்க. சரக்கு போன பின்னாடி கேட்டா ஒண்ணும் பெயராது. வங்கதேசச் சரக்குக்கு அங்கே ஏற்கெனவே வரி இல்லைங்கறதையும் மறந்துடாதீங்க.

சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பம் டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) தளத்தில். ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி குறியீட்டு எண்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், காஸ்ட் ஷீட் (செலவுக் கணக்கு) வேணும். பிரிஃபரென்ஷியல் (வரிச்சலுகைக்கான) சர்டிஃபிகேட்தான் கேட்கணும். நான்-பிரிஃபரென்ஷியல் வாங்கி அனுப்பினா வரிச்சலுகை கிடைக்காது. காட்டன் டி-ஷர்ட்டுன்னா சுங்கக் குறியீடு (எச்எஸ் கோடு) 6109.10. இந்த ஆறு இலக்கம் இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், சர்டிஃபிகேட் மூணுலயும் ஒண்ணா இருக்கணும்.

உண்மையான தலைவலி ஜாப் ஒர்க், அதாவது வேலையை வெளியே கொடுத்து வாங்கறது. நம்ம ஊர்ல ஒரு பனியன் ஒரே கூரைக்குள்ள முடியறதில்லை. நூல் மில்லுல இருந்து வரும். நிட்டிங், டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி சுருங்காம அமுக்கறது), பிரிண்டிங் ஆளுக்கு ஒரு பக்கம். நூல் பில்லுல "30ஸ் கோம்டு"ன்னு (30-ம் நம்பர் சீவின நூல்) இருக்கும், நிட்டிங் டிசியில (சரக்கோட போற டெலிவரி சலான்) வெறும் "காட்டன் யார்ன்"னு எழுதியிருப்பாங்க. அதிகாரி கேட்டா இது அதே நூல்தான்னு எப்படிக் காட்டுவீங்க? ஒவ்வொரு டிசியிலயும் ஸ்டைல் நம்பர், லாட் நம்பர், கிலோ எழுத வைங்க. 500 கிலோ கிரே (சாயம் போடாத) துணி சாயத்துக்குப் போய் 470 திரும்பினா, 30 கிலோ பிராசஸ் லாஸ்னு அப்பவே டிசியில ஏத்திடணும். ஷிப்மெண்ட் நேரத்துல தேடினா டையிங்காரர் போனையே எடுக்க மாட்டார்.

சீனாவிலிருந்து வந்த ஜிப், லேபிள் இருந்தா காஸ்ட் ஷீட்டுல இறக்குமதிப் பக்கம் காட்டுங்க, ஒளிக்காதீங்க. துணியே இறக்குமதின்னா கதை வேற. உங்க குறியீட்டுக்கு உரிய ஆரிஜின் விதியைப் படிக்காம விலை சொல்லாதீங்க.

தூத்துக்குடியிலிருந்து போற பெட்டி கொழும்புல கப்பல் மாறலாம், தப்பில்லை. ஆனா கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டிலேயே இருக்கணும், அங்கே பெட்டியைப் பிரிச்சு வேற வேலை எதுவும் பார்க்கக் கூடாது. ஆஸ்திரேலியா வரைக்கும் ஒரே பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் கம்பெனி தர்ற சரக்கு ரசீது) வாங்கிட்டா கேள்வி வராது. கப்பல் கிளம்பின பின்னாடி விண்ணப்பிச்சாலும் சர்டிஃபிகேட் வாங்க வழி இருக்கு. அதுவரைக்கும் பையர் அங்கே வரி கட்டிட்டு, பின்னாடி ரீஃபண்டுக்கு அலையணும். அடுத்த ஆர்டர் பேசும்போது அதை ஞாபகம் வெச்சுத்தான் பேசுவார்.