அரிட்டாபட்டி போகும் வழியில் ஒரு டின் தகடு

ஒத்தக்கடை தாண்டும்வரை மேலூர் ரோட்டில் சைக்கிள் ஓட்டுவதில் சுகம் ஒன்றும் கிடையாது. மாட்டுத்தாவணியில் இருந்து கிளம்புகிற பஸ்கள் காதுக்குள்ளேயே ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும். அதனால் விடியுமுன்பே கிளம்பிவிடுவது உத்தமம். தை மாதம் என்றால் பனியும் சேர்ந்துகொள்ளும். ஹைகோர்ட்டைத் தாண்டும்போது யானைமலை வெறும் இருட்டுத் திட்டாகத்தான் தெரிந்தது. ஒத்தக்கடையில் டீ குடித்து முடிப்பதற்குள் தும்பிக்கை நீட்டிப் படுத்திருக்கிற அந்தப் பாறை முழுதாக வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அடிவாரத்தில் இருக்கும் நரசிங்கர் குடைவரை கி.பி. 770இல் வெட்டியது. திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். மச்சான் டீயோடு நிற்காமல் அந்நேரத்துக்கே ஒரு கூல்ட்ரிங்ஸ் டின்னையும் வாங்கிக் குடித்து, காலி டின்னைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ரோட்டில் குப்பை போடமாட்டான், அந்த ஒரு நல்ல குணம் அவனுக்கு உண்டு.

என் வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ரேஸ் சைக்கிளாகப் பிறந்தது. முன்பு வைத்திருந்தவர் வளைந்த கொம்பு ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, எம்.டி.பி., அதாவது மவுண்டன் பைக் எனப்படும் மலைப்பாதை சைக்கிளின் நேரான ஹேண்டிலை மாட்டியிருந்தார். முதுகு வளையாமல் ஓட்டலாம் என்று நானும் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஊருக்குள் ஓட்டியவரை குறை தெரியவில்லை. நான்கு வழிச்சாலையை விட்டு நரசிங்கம்பட்டிப் பக்கம் இறங்கியதும், முதல் வேகத்தடையிலேயே கிரீச்சென்று சத்தம் வந்தது. ஹேண்டில்பார் முன்பக்கமாக உருண்டு, பிரேக் லீவர் இரண்டும் தரையைப் பார்த்தன. பிரேக் பிடிக்க விரலை நீட்டினால் அந்த இடத்தில் பிரேக் இல்லை. இறக்கத்தில் அப்படி ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“முறுக்கு மாப்ள, இன்னும் கொஞ்சம் முறுக்கு” என்று ஆலன் கீயை நீட்டினான் மச்சான். நான்கு போல்ட்டையும் இறுக்கினோம். அடுத்த வேகத்தடையில் மறுபடியும் அதே கிரீச்.

ரோட்டோரம் வேப்பமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. கடை என்றால் ஒரு மரப்பெட்டி, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்ச் சட்டி, கிளையில் தொங்கும் பழைய டயர். பெரியவர் ஒரு பால்காரரின் பெரிய சைக்கிளைப் படுக்கப்போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். “செத்த உக்காருங்க தம்பி, இதை முடிச்சிர்றேன்” என்றார்.

பால்காரருக்கும் ஹேண்டில் கோளாறுதான், ஆனால் வேறு மாதிரி. சக்கரம் நேராகப் போனால் ஹேண்டில் கோணலாக நிற்கும். அந்தப் பழைய வண்டிகளில் ஹேண்டிலும் அதன் தண்டும் சேர்த்தே ஒட்டியிருக்கும். அதனால் முன்னால் உருள வழியே இல்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்குகிற இடத்தில்தான் திரும்பும். தண்டின் அடிப்பக்கம் கீறல் விட்டிருக்கும், அதற்குக் கீழே ஒரு கூம்பு. மேலே நடு போல்ட்டை இறுக்கினால் கூம்பு மேலேறி, கீறிய வாயை விரித்து, குழாயின் உட்சுவரைக் கவ்விக்கொள்ளும். பெரியவர் போல்ட்டை நாலைந்து மரை மட்டும் தளர்த்தினார். அதன் தலையில் ஒரு கட்டையை வைத்துச் சுத்தியலால் நச்சென்று ஒரு போடு. டொக்கென்று உள்ளே கூம்பு விடுபட்டது கேட்டது. தண்டை உருவினால் துருவும் பழைய பிசுக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி இறக்கினார். இல்லாவிட்டால் துருப்பிடித்து உள்ளேயே இறுகிப்போகுமாம்.

அடுத்து என் வண்டி. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை இடமும் வலமுமாகத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு இரு கையையும் லீவர் பக்கம் ஊன்றி உடம்பின் பாரத்தைப் போட்டார். உருண்டது.

“கீழ நல்லாருக்கு. வாய்லதான் பிடிமானம் இல்ல. முறுக்குனீங்களா?”

“நல்லா முறுக்கிட்டோம்ண்ணே.”

“அதான பாத்தேன்.”

சட்டைப் பையில் இருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து, ஸ்டெம்மின், அதாவது ஹேண்டிலைக் கவ்விப் பிடிக்கிற தண்டின், உடலுக்கும் அதன் முன்மூடிக்கும் நடுவே நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. மேலேயும் சரி கீழேயும் சரி, இரும்போடு இரும்பு முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மூடி ஸ்டெம்மிலேயே முட்டிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் அந்தப் பலம் ஹேண்டிலுக்குப் போகாது. போல்ட் மரைதான் போகும், அல்லது கீ வைக்கிற பள்ளம் வழுக்கிவிடும்.

மூடியைக் கழற்றித் துடைத்ததும் உள்பக்கம் 26.0 என்று பொறித்திருப்பது தெரிந்தது. ரேஸ் சைக்கிளின் கொம்பு ஹேண்டிலுக்கு அந்த அளவு அக்காலத்தில் சகஜம். எம்.டி.பி. ஹேண்டில் 25.4 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஒரு அங்குலம். வித்தியாசம் 0.6 மி.மீ.தான், கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு உள்ளே யாரோ தாராளமாகக் கிரீஸ் வேறு தடவி வைத்திருந்தார்கள்.

“பால்கார அண்ணனுக்குப் போட்டீங்களே?” என்று மச்சான் கேட்டான்.

“அது உள்ள இருந்து விரியுற சாமான், துரு பிடிக்கக் கூடாது. இது வெளிய இருந்து கவ்வுற சாமான், வழுக்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணா?”

“பேக்கிங் குடுத்தா நிக்கும். தகடு வேணும்” என்று பெட்டியைக் குடைந்தார். ஒன்றும் அகப்படவில்லை. மச்சான் பையில் இருந்த டின்னை எடுத்து நீட்டினான். பெரியவர் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

டின்னின் மேலும் கீழும் வெட்டி எறிந்துவிட்டு, பக்கத் தகட்டை விரித்து, ஸ்டெம் வாயின் அகலத்துக்கு நீளமான பட்டையாக நறுக்கினார். அந்தத் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம் இருக்கும். ஒரு சுற்றுக்கு இரு பக்கமும் சேர்த்து 0.2 என்றால், மூன்று சுற்றில் 0.6 நிரம்பிவிடுகிறது. இந்தக் கணக்கை நான் மனசுக்குள் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் மூன்று சுற்றுச் சுற்றி முடித்திருந்தார். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தார், பிசிறு இருந்தால் ஹேண்டிலைக் கீறும், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் நாளைக்கு அங்கேயே விரிசல் விடும். கிரீஸ் போக எல்லாவற்றையும் பெட்ரோலால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் மாட்டினார். நான்கு போல்ட்டையும் எக்ஸ் போல மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். இப்போது பஸ் டிக்கெட் மேலேயும் நுழைந்தது, கீழேயும் நுழைந்தது, இரண்டு சந்தும் ஒரே அளவு.

இறுக்கமும் கண்டபடி கூடாது. இந்த மாதிரி ஸ்டெம்களில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள கீயின் நுனியில் ஐந்து கிலோவைத் தொங்கவிட்டால் வருகிற பலம் அது. பெரியவர் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்துத்தான் முறுக்கினார். நீளப் பக்கத்தைப் பிடித்தால் கை தன்னையறியாமல் அதிகமாக இழுத்துவிடும் என்றார்.

“எம்புட்டுண்ணே?”

“முப்பது குடுங்க. டின்னு உங்களோடது.”

எந்த ஊருக்குப் போகிறோம் என்று அதற்கப்புறம்தான் கேட்டார். அரிட்டாபட்டி என்றதும் பேச்சு வளர்ந்தது. டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரைக்குச் சனம் திரண்டு போனதே, அன்றைக்குக் கடையை மூடிவிட்டு அவரும் போயிருக்கிறார். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. “மலையப் பாத்துட்டு வாங்க. அதுக்காகத்தான் நடந்தோம்” என்றார்.

அங்கிருந்து வேகத்தடைகள் எல்லாவற்றிலும் வேண்டுமென்றே பாரத்தைப் போட்டு ஏறினேன். சத்தமே இல்லை.

அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர், 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு பார்க்கலாம் என்றுதான் போனோம். கிடைத்தது மீன்கொத்தியும் கொக்கும்தான், மச்சான் கழுகு என்று காட்டியது பருந்து. குடைவரைச் சிவன் கோயில் வாசலின் பக்கத்து மாடத்தில் பாசுபத சைவப் பிரிவின் குருவான லகுலீசர் கையில் தடியோடு உட்கார்ந்திருக்கிறார். தமிழ்நாட்டில் எளிதில் பார்க்கக் கிடைக்காத சிற்பம் அது. மலையின் இன்னொரு பக்கத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும் இருக்கின்றன. ஏறுகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். பாறை சூடேறிவிட்டால் செருப்பைக் கழற்றி நிற்க முடியாது.

டின் தகட்டோடு சில வாரம் ஓட்டினேன். பிறகு ஊருக்குள் 25.4 ஸ்டெம் தேடினால், இப்போது வருவதெல்லாம் 31.8தான் என்று கடைகளில் கைவிரித்தார்கள். கடைசியில் பழைய எம்.டி.பி. ஒன்றில் இருந்து கழற்றிய ஸ்டெம் ஒரு கடையில் கிடைத்தது. கடைக்காரர் காசை வாங்குவதற்கு முன்பே ஹேண்டிலைப் பொருத்தி, சந்துக்குள் பஸ் டிக்கெட்டை விட்டுப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.